தேய்ந்த ஸ்க்ரூ: வெல்டிங் ஏற்றுவதா, புதுசு வாங்குவதா, ஓவர்சைஸ் போடுவதா?

எக்ஸ்ட்ரூடர் என்பது பேரல் என்ற நீளக் குழாய்க்குள் சுழலும் ஸ்க்ரூவால் பிளாஸ்டிக்கை உருக்கி, டை என்ற அச்சு வழியே தள்ளும் மெஷின். எங்கள் 90 மி.மீ. (ஸ்க்ரூ விட்டம்) எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது என்று உறுதியானபோது முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய ஸ்க்ரூவின் ஃபிளைட் (சுற்றி ஓடும் புரி) முனையில் கடின உலோகத்தை வெல்டிங் ஏற்றி, பழைய அளவுக்கே கிரைண்டிங் செய்து எடுக்கலாம். புது ஸ்க்ரூ வாங்கலாம். இல்லையென்றால் பேரலை உள்ளே ஹோனிங் செய்து (சாணைக்கல்லால் தேய்த்து) நேராக்கி, அந்தத் துளைக்கேற்பக் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூவாக, அதாவது ஓவர்சைஸாக, செய்து போடலாம். நாங்கள் வெல்டிங்கைத்தான் தேர்ந்தெடுத்தோம். இன்னொரு முறை இதே நிலை வந்தாலும் என் பதில் அதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது பேரல் என்ன நிலையில் இருக்கிறது என்பது.

புதுசுக்குச் செலவு அதிகம், காத்திருப்பும் அதிகம். வெல்டிங்குக்கு இரண்டும் குறைவு. இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்ன விட்ட ஸ்க்ரூக்களில் மட்டும் இந்தக் கணக்கு புரண்டுவிடும். வெல்டிங்குக்கான உழைப்பு பெரிதாகக் குறையாது, புதுசின் விலையோ நன்றாக இறங்கிவிடும். அங்கே யோசிக்காமல் புதுசு வாங்கிவிடலாம்.

முடிவெடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: குற்றவாளி ஸ்க்ரூதானா? உற்பத்தி குறைந்தது என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. ஒரு ஆர்பிஎம்முக்கு மணிக்கு எத்தனை கிலோ வருகிறது என்பதுதான் நம்பத்தகுந்த அளவு. அதே மெட்டீரியல், அதே டை, அதே வெப்ப செட்டிங்கில் அந்த எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்து, கூடவே உருகின பிளாஸ்டிக்கின் வெப்பமும் ஏறினால், தேய்மானம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். திடீரென்று ஒரே நாளில் இறங்கினால் முதலில் ஹாப்பர் வாயையும் ஃபில்டர் வலையையும் பாருங்கள். இஞ்செக்‌ஷன் மெஷினில் குஷன் (அச்சுக்குள் செலுத்தியபின் ஸ்க்ரூவுக்கு முன்னால் மிஞ்சி நிற்க வேண்டிய பிளாஸ்டிக்) நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் செக் ரிங் (ஸ்க்ரூ நுனியில் பிளாஸ்டிக் பின்னால் திரும்பாமல் தடுக்கும் வளையம்) மேல்தான் போக வேண்டும். அது சின்ன பாகம், மாற்றுவதும் எளிது. அதைப் பார்க்காமல் ஸ்க்ரூவை உருவி எடுப்பது வீண் வேலை.

சரி, தேய்மானம்தான் என்று தெரிந்துவிட்டது. இனி முடிவைத் தீர்மானிப்பது ஸ்க்ரூவுக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பொதுவாக ஒரு பக்க இடைவெளி ஸ்க்ரூ விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். 90 மி.மீ. ஸ்க்ரூ என்றால் பக்கத்துக்கு 0.09 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 0.18. இது இரண்டு மூன்று மடங்கானதும் தொல்லை வெளியே தெரிய ஆரம்பிக்கும். அழுத்தத்தால் ஃபிளைட் முனையைத் தாண்டிப் பின்னால் வழியும் பிளாஸ்டிக்கின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு. தொடக்கத்தில் கசிவு மிகச் சிறியது என்பதால் எட்டு மடங்கானாலும் உற்பத்தி உடனே படுத்துவிடாது. ஆனால் அந்த இடத்திலிருந்து சரிவின் வேகம் கூடிக்கொண்டே போகும்.

இடைவெளி என்பது இரண்டு பாகங்களுக்கு நடுவில் இருக்கும் ஒன்று. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூவை வெளியே எடுத்ததும் தேய்ந்து மழுங்கிய ஃபிளைட் கண்ணில் படுகிறது, உடனே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பேரல் மெஷினிலேயே இருக்கிறது, உள்ளே இருட்டு, யாரும் அளப்பதில்லை. ஸ்க்ரூ கச்சிதமாகப் பழைய அளவுக்குத் திரும்பி வருகிறது. பேரல் நடுவில் அரை மி.மீ. அகன்றிருந்தால் அந்த இடத்தில் இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பியிருக்காது. பணம் கொடுத்தும் பலன் இல்லை, பழி வெல்டிங் மேல் விழுகிறது.

அதனால் பேரலைச் சூடாக இருக்கும்போதே நன்றாகச் சுத்தம் செய்து, முழுதாக ஆறவிட்டு, போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) வைத்து முழு நீளத்துக்கும் அளக்க வேண்டும். நாங்கள் ஹாப்பர் பக்கத்திலிருந்து டை பக்கம் வரை ஸ்க்ரூ விட்டத்தின் தூரத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு இடத்திலும் மேல்-கீழ், இடம்-வலம் என இரண்டு அளவு எடுத்தோம். இரண்டும் வேறுபட்டால் துளை நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். அப்படியானால் பேரல் வளைந்திருக்கிறதா, கியர்பாக்ஸோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதைச் சரிசெய்யாமல் எந்த ஸ்க்ரூ போட்டாலும் அதே இடத்தில் உரசும்.

ஸ்க்ரூவை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒற்றை ஃபிளைட் ஸ்க்ரூவில் ஒரு பக்கம் ஃபிளைட் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே பள்ளம்தான் இருக்கும். மைக்ரோமீட்டரின் ஒரு முனைக்கு உட்கார இடம் கிடைக்காது. இரண்டு ஃபிளைட்டுகளைத் தொடும்படி தடிமன் தெரிந்த ஒரு தட்டைக் கம்பியை வைத்து, அதற்கு மேல் அளந்து, கம்பியின் தடிமனைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஃபிளைட் ஃபிளைட்டாக எண் போட்டு எழுதினால் தேய்மானம் எங்கே குவிந்திருக்கிறது என்று தெரியும். எங்களுக்குக் கம்ப்ரெஷன் பகுதியில்தான் (பள்ளத்தின் ஆழம் குறைந்து பிளாஸ்டிக் நெருக்கப்படும் இடம்) அதிகம். உருகாத துகள்கள் அங்கே ஆப்பு போல நெருக்கி, ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் தள்ளும். ஹாப்பர் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் கால்சியம் கார்பனேட், கிளாஸ் ஃபைபர் போன்ற ஃபில்லர்களைச் சந்தேகிக்கலாம்.

எங்கள் பேரல் பைமெட்டாலிக் வகை. உள்ளே வார்த்த கடின அடுக்கு, இரும்பு அடிப்படையிலான வகைகளில் கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் சுமார் 58 முதல் 65 வரை இருக்கும். அளந்து பார்த்தபோது அகலம் மிகக் கொஞ்சமே கூடியிருந்தது. தேய்மானத்தின் பெரும்பங்கு ஸ்க்ரூவில் இருந்ததால் பழைய அளவுக்கே வெல்டிங் என்ற முடிவு தானாக வந்தது. அதே பேரல் நைட்ரைடிங் (எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்குவது) செய்ததாக இருந்து அந்தத் தோல் போயிருந்தால் நான் இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். நைட்ரைடிங் ஆழம் அரை மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் மேல் பகுதிதான் நல்ல கடினம். அது போனபின் தேய்மானம் ஓட்டம் பிடிக்கும்.

வெல்டிங்கை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. நிக்கல் அடிப்படையிலான கோல்மோனாய் 56 போன்ற உலோகம் ராக்வெல் சி 50-ஐ ஒட்டியது, கோபால்ட் அடிப்படையிலான ஸ்டெல்லைட் 6 சுமார் 40. இரண்டுமே பைமெட்டாலிக் பேரலைவிட மென்மையானவை. அதாவது இனி தேயப்போவதும் ஸ்க்ரூதான். வெளியே எடுத்து மறுபடி ஏற்றக்கூடிய பாகம் தேயட்டும், பேரல் பிழைக்கட்டும். டங்ஸ்டன் கார்பைடு கலந்த உலோகத்தை ஏற்றினால் இன்னும் நாள் வரும் என்று சொல்வார்கள், வரும்தான். ஆனால் எதிரே இருப்பது வெறும் நைட்ரைடிங் பேரல் என்றால் அது பேரலைத் தின்றுவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று: பழைய நைட்ரைடிங் தோலையும் ஹார்ட் குரோம் பூச்சையும் முழுதாக அரைத்து எடுத்துவிட்டுத்தான் வெல்டிங் ஏற்றுகிறீர்களா? நைட்ரஜன் ஏறிய எஃகின் மேல் வெல்டிங் போட்டால் வாயு வெளியேறி உள்ளே ஊசித் துளைகள் விழும், நாளாக ஆக அந்தப் பூச்சு பெயர்ந்து வரும். முன்சூடு, மெதுவாக ஆறவிடுவது, அப்புறம் நேராக்கி முழு நீளத்துக்கும் டயல் கேஜ் வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்ப்பது, இவையெல்லாம் அவர்கள் செய்ய வேண்டியவை. டயலை நாமும் ஒரு முறை வைத்துப் பார்ப்பது நல்லது. பள்ளத்தின் ஆழத்தையும் முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடுகிறேன் என்று அடிப்பகுதியை அதிகம் எடுத்துவிட்டால் ஸ்க்ரூவின் டிசைனே மாறிவிடும். நிக்கல் உலோகங்களில் ஃபிளைட்டுக்குக் குறுக்கே மயிரிழை விரிசல் வருவது சகஜம், பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

ஓவர்சைஸ் காகிதத்தில் அழகாக இருக்கிறது. பேரலை மாற்ற வேண்டாம், இடைவெளியும் கச்சிதம். எனக்கு அது பிடிக்காததற்கு முக்கியக் காரணம், அதற்குப் பிறகு அந்த மெஷின் தனி அளவாகிவிடும். ஸ்டோரில் இருக்கும் ஸ்பேர் ஸ்க்ரூ அதற்குப் பொருந்தாது, பக்கத்து லைனின் ஸ்க்ரூவையும் அவசரத்துக்கு மாற்றிப் போட முடியாது. ஹோனிங்கில் பேரலின் கடின அடுக்கும் ஒரு பங்கு கரைகிறது. ஒரே ஒரு மெஷின் மட்டும் உள்ளவருக்கு இது பெரிய குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இஞ்செக்‌ஷன் மெஷினில் நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, நல்ல வழி. செக் ரிங் முன்னும் பின்னும் ஓடும் முன்பகுதியில் மட்டும் பேரல் தேய்ந்திருந்தால், அந்த நீளத்தை மட்டும் அகலமாகக் குடைந்து பைமெட்டாலிக் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கலாம். மற்ற இடம் நன்றாக இருக்கும்போது முழு பேரலைத் தூக்கிப் போடத் தேவையில்லை. ஸ்லீவும் பேரலும் சேரும் இடத்தில் விளிம்பு தட்டாமல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் தேங்கினால் கருகி, பொருளில் கரும்புள்ளியாக வரும்.

புது ஸ்க்ரூவுக்கு நான் ஓட்டுப் போடும் இடங்களும் உண்டு. ஓட்டும் மெட்டீரியல் மாறிவிட்டது, பழைய டிசைனில் முழுதாக உருகவில்லை என்றால் வெல்டிங் அதே குறையைத்தான் புதுப்பித்துத் தரும். அந்தச் செலவை பேரியர் ஃபிளைட் (உருகியதையும் உருகாததையும் பிரிக்கும் கூடுதல் புரி), மிக்சர் உள்ள புது ஸ்க்ரூவில் போடுவது மேல். முழுதும் கடினப்படுத்திய டூல் ஸ்டீல் ஸ்க்ரூக்கள் வெல்டிங் சூட்டில் விரிசல் விடும், அங்கும் புதுசுதான். பள்ளத்தின் அடியே அரிக்கப்பட்டிருந்தாலும் அப்படியே, ஏனென்றால் வெல்டிங் சரிசெய்வது ஃபிளைட் முனையை மட்டும்.

பிவிசி பற்றி நான் அடித்துப் பேச மாட்டேன். அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரிப்பதால் கணக்கு உலோகத்தின் வேதியியலைச் சார்ந்தது, என் அனுபவமோ பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் பக்கம்தான். நாங்கள் ஏற்றிய வெல்டிங்கும் இன்னும் தன் முழு ஆயுளைக் காட்டவில்லை. ஒரு ஆர்பிஎம்முக்கான கிலோ கணக்கு புது ஸ்க்ரூ காலத்து எண்ணை ஒட்டியே நிற்கிறது. ஆனால் இதே ஸ்க்ரூவுக்கு இரண்டாவது, மூன்றாவது முறை வெல்டிங் ஏற்றினால் அடி உலோகம் எப்படித் தாங்கும் என்பதை நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டம் வந்தால் முதலில் பேரலை மறுபடி அளப்பேன். அப்போது பேரலும் அகன்றிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவேன்.