ஜெர்மனிக்குப் போக: ப்ளூ கார்டா, வாய்ப்பு அட்டையா?

ப்ளூ கார்டு என்பது பட்டதாரிகள் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி; அதற்குக் கையில் வேலை இருக்க வேண்டும். 2025-ல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 48,300 யூரோ என்று இருந்தது. ஐடி போல ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்கு வேலை தேவையில்லை. படிப்பு, அனுபவம், மொழி, வயது என்று பொதுவாக 6 புள்ளி தேறினால், ஓராண்டு அங்கேயே தங்கி வேலை தேடலாம். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம்.

சரி, பணம்? வாய்ப்பு அட்டைக்குப் பொதுவாக பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில், 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு முன்கூட்டியே போட வேண்டும். மாதாமாதம் அவ்வளவுதான் கைக்கு வரும். மியூனிக்கில் ஓர் அறை எடுத்தால் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடும்.

ப்ளூ கார்டில் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலைத் தேர்வை முடித்தவர்களுக்கு 21 மாதமே. கணவனோ மனைவியோ வந்ததும் வேலைக்குப் போகலாம். அதனால் குடும்பஸ்தர்கள் ஊரிலிருந்தே வேலை தேடிக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது என்பேன். தனியாள், சேமிப்பு இருக்கிறது, ஜெர்மனும் ஓரளவு வரும் என்றால் வாய்ப்பு அட்டையைத் தயங்காமல் எடுங்கள். தகுந்த வேலை கிடைத்ததும் அங்கிருந்தே ப்ளூ கார்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

எதுவானாலும், முதலில் உங்கள் பல்கலைக்கழகம் அனபின் (வெளிநாட்டுப் படிப்புகளை ஜெர்மனி மதிப்பிடும் இணையத் தளம்) பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.