கிருஷ்ணகிரி அடுக்குமாடியின் பொது மீட்டருக்கு சோலார்: இரண்டு கோடை கழிந்த பின்

பேனல் விலை விசாரிப்பதற்கு முன் பொது மீட்டரின் பில்லை எடுத்துப் பாருங்கள். பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடமா? எட்டு ரூபாய் அளவில் இருந்த யூனிட் கட்டணம், இத்தகைய கட்டடங்களுக்கு 2023 அக்டோபர் அறிவிப்பில் 5.50 ஆனது. பிறகு கட்டணங்கள் திருத்தப்பட்டாலும், பில்லில் சரியான வகை இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை.

அடுத்தது அளவு. "அஞ்சு கிலோவாட் போடுங்க சார்" என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 2 எச்.பி. போர் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் சுமார் 6 யூனிட். நடைபாதையில் பத்து 9 வாட் எல்.இ.டி. இரவு முழுக்க எரிந்தால் இன்னொரு யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக 2 கிலோவாட் போதும், மொட்டை மாடியில் நிழல் விழாத 200 சதுர அடி வேண்டும். டேங்க் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும்.

மோட்டாரைக் காலை 10:30-க்கு மேல் டைமரில் ஓட்டுங்கள். விடியற்காலை டேங்க் நிரப்பும் பழக்கத்தை விடாவிட்டால் பேனல் தரும் மின்சாரம் நேரடியாக மோட்டாருக்குப் போகாது. கூடவே டிரை ரன் பாதுகாப்பும் (தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தும் கருவி) கட்டாயம். கோடையில் போர் வற்றுவது டைமருக்குத் தெரியாது, காயில் எரிந்துவிடும்.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் கூரை சோலார் திட்டத்தில் (2024) குடியிருப்போர் சங்கத்தின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். இரண்டு கிலோவாட்டுக்கு 36,000. ஆனால் முதலில் முழுப் பணமும் சங்கம்தான் போட வேண்டும். நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுத்ததையும் லைனுக்குக் கொடுத்ததையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி இயக்கத்துக்கு வந்த பிறகே மானியம் வரும். பேனல் உள்நாட்டில் தயாரான சோலார் செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான்: பொது இணைப்பு இன்னும் பில்டர் பெயரிலேயே கிடக்கும். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இந்த ஊரின் தொல்லை தூசி. கிரானைட் அறுப்பு நடக்கும் பக்கம் கண்ணாடி மேல் வெண்பொடி படியும், பனி பட்டால் இறுகும். பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் மென்மையான துடைப்பானால் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும், சுரண்டினால் கண்ணாடி கீறும். பிடித்து வைத்த மழைநீர் நல்லது.

மத்தியானம் இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி. ஆக மாற்றும் கருவி) அடிக்கடி நின்றால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். லைன் வோல்டேஜ் ஏறி அது தானே விலகிக்கொள்கிறது. இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை ஒயர் மெலிதாக இருந்தால் இது இன்னும் மோசம், தடிமனை ஏற்றுங்கள். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் நிற்கும். லைனில் வேலை செய்பவர் உயிருக்கான ஏற்பாடு அது, பழுதல்ல.

மாங்காய் சீசனில் இடியோடு சூறைக்காற்றும் வரும். டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி கேளுங்கள். ஸ்டாண்டைத் தளத்தில் துளைபோட்டு இறக்கினால் மேல்மாடி ஒழுகும். போதிய எடையுள்ள கான்கிரீட் கட்டையில் போல்ட் வைத்து நிறுத்தச் சொல்லுங்கள், மழைக்கு முன்பு ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள்.