கோரைக்கு ஹாலோசல்ஃபுரான்: சில கோடைகள் பயன்படுத்திய பிறகு

கோரைப் புல்லைக் கொல்லும் ஹாலோசல்ஃபுரான் என்ற களைக்கொல்லியின் விலை கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குப் பக்கத்துச் சுகர்லேண்டில் புது வீட்டுக்குப் போயிருக்கும் நண்பர் "இதை வாங்கலாமா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஹாலோசல்ஃபுரான் 75 சதவீதக் குருணை என்ன மருந்து என்பது ஹூஸ்டன் பக்கம் வீட்டுப் புல்தரைக்குச் செயின்ட் அகஸ்டின் என்ற வகைப் புல் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அதே பக்கம் கேட்டி என்ற ஊரில் இருக்கிறேன். எங்கள் மண் தண்ணீரை விடவே விடாத களிமண். பிப்ரவரி நடுவில் முளைப்பைத் தடுக்கும் மருந்தைத் தூவினால் க்ராப்கிராஸ் என்ற களைப்புல் பெரும்பாலும் அடங்கிவிடும். கோரை அதற்கெல்லாம் மசியாது, அது கிழங்கிலிருந்து வருகிறது. ஊரில் நலங்கு மாவில் சேர்க்கிற அதே கோரைக்கிழங்குதான். இங்கே புல் வெட்டிய இரண்டாம் நாளே மற்ற புல்லுக்கு மேலே தலைநீட்டி நிற்கும். பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கும், பக்கத்தில் இன்னொன்று முளைக்கும்.

இந்த மருந்தின் நல்ல குணத்தை மனதாரச் சொல்ல வேண்டும். அகல இலைக் களைகளுக்கு அடிக்கிற 2,4-டி கலவைகளை வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு அடித்தால் செயின்ட் அகஸ்டின் புல்லே அடி வாங்கும். கோரை ஆட்டம் போடுவதோ சரியாக ஜூன், ஜூலையில். அந்த வெயிலிலும் இதை அடித்திருக்கிறேன், புல் கருகியதில்லை. வறட்சியில் வாடிக் கிடக்கும் புல்லில் மட்டும் அடிக்கக் கூடாது. மருந்து இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை போகிறது. வேலிப் பக்கம் கோரையே புல்தரையாக இருந்த இடத்தில் இப்போது தேடினால்தான் ஒன்றிரண்டு கிடைக்கும்.

ஒரு காலன் தண்ணீருக்கு 0.9 கிராம், அதாவது கூடவே வரும் குட்டிக் கரண்டியால் தலைதட்டி ஒரு அளவு. அது 1,000 சதுர அடிக்குக் காணும். ஒட்டுதிரவம் இரண்டு டீஸ்பூன் கண்டிப்பாக வேண்டும், பாட்டில் வகையில் அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். கோரை இலை மெழுகு பூசியது, ஒட்டுதிரவம் இல்லாமல் அடித்தால் தண்ணீர் உருண்டு மண்ணில் விழும்.

அப்புறம் என்னதான் குறை? காத்திருப்பு. இது இலையைச் சுட்டுப் பொசுக்குகிற மருந்து இல்லை. செடி வளரத் தேவையான சில அமினோ அமிலங்களை அது தயாரிக்க முடியாமல் தடுக்கிறது. செடி பட்டினியில் மெல்லச் சாகிறது. முதல் வாரம் பார்த்தால் மருந்தே அடிக்காத மாதிரி பச்சையாக நிற்கும். மஞ்சளாகிக் காய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் மறுபடி முளைத்தால் இரண்டாம் முறை அடிக்க வேண்டும். இதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருந்து அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் புல் வெட்டக் கூடாது என்பதுதான் என்னைப் படுத்துகிறது. இலை இருந்தால்தானே மருந்து உள்ளே போகும்? நியாயம்தான். ஆனால் வெட்டாமல் விட்ட அந்த நாட்களில் கோரை முழங்காலைப் பார்த்து வளரும். தெருவிலிருந்து பார்த்தால் நம் வீடு மட்டும் கைவிடப்பட்ட வீடு போல இருக்கும். குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வரும்: முன்புறத்தில் களை, பத்து நாளில் சரிசெய்யவும். உடனே வெட்டினால் கடிதத்துக்குப் பதில் ஆகிவிடும், மருந்து வீணாகும். வெட்டாமல் விட்டால் மருந்து வேலை செய்யும், அடுத்த கடிதம் வரும். இந்தக் கோடையிலும் இதேதான். மருந்து உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினேன். அடுத்ததும் அதே வாசகங்களோடு வந்தது.

மழையும் சேர்ந்துகொள்கிறது. அடித்த பிறகு நான்கு மணி நேரமாவது நனையக் கூடாது. எங்கள் பக்கம் கோடை மதியங்களில் அந்த நான்கு மணி நேரத்தை யார் உறுதி சொல்ல முடியும்? காலையில் பனி காய்ந்ததும் அடித்துவிடுவதுதான் ஒரே வழி.

சரி, நண்பருக்கு. முதலில் அந்தத் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். முக்கோணமாக உருண்டால் கோரை, இல்லையென்றால் இந்த மருந்துக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கோரை இருப்பது கூரைத் தண்ணீர் விழுகிற மூலையில் மட்டும். அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு வெளியே திருப்புங்கள். ஸ்ப்ரிங்ளரைத் தினமும் ஓடவிடாமல் வாரத்துக்கு ஓரிரு முறை ஆழமாக நனைய விடுங்கள். புல்லை மூன்றரை அங்குல உயரத்தில் வெட்டி அடர்த்தியாக விடுங்கள். அந்த ஒரு மூலைக்கு, ஐந்தாறு இலை விடுவதற்கு முன்பே விடாமல் பிடுங்கிக்கொண்டு வந்தால் போதும். புதுக் கிழங்கு கட்ட நேரம் கிடைக்காமல் பழைய கிழங்கு ஓய்ந்து போகும்.

கோரையைக் கொல்ல இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. இரண்டாம் கடிதம் இன்னும் மேசை மேல் இருக்கும்போது அதற்கு மேல் போட எனக்கு மனம் வரவில்லை.