மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா, நடுவிலா?

மடலாடற்குழுவில் (ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லாருக்கும் போகும் குழு) பதில் எழுதுகிறவர்கள் மூன்று ரகம். பழைய மடலை அப்படியே தொங்கவிட்டு அதன் தலைமேல் எழுதுகிறவர்கள், முழு மடலையும் மேலே வைத்து அடியில் எழுதுகிறவர்கள், அப்புறம் வேண்டாததை வெட்டிவிட்டு அந்தந்த வரிக்குக் கீழேயே பதில் வைக்கிறவர்கள்.

முதல் ரகத்தைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் பதில் பொத்தானை அழுத்தினால் கர்சர் மேலேதான் வந்து நிற்கும். ஜிமெயிலோ பழைய மடலை மூன்று புள்ளிக்குள் மடித்து வைத்துவிடும், அதனால் பின்னால் எவ்வளவு நீள வால் போகிறது என்பதே எழுதுகிறவர் கண்ணில் படாது. அலுவலகத்தில் இரண்டு பேருக்குள் ‘சரி, நாளை பத்து மணிக்கு’ என்று போகும் மடலுக்கு இது போதும். பாதியில் ஒருவரைச் சேர்த்தால் முழுக் கதையும் அவர் கைக்குப் போய்விடும், அதுவும் வசதிதான். குழுவில்தான் சிக்கல். ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வையுங்கள்:

> உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையை எப்படிச் சேர்ப்பது?
> லிப்ரே ஆபிஸில் சில எழுத்துகள் கட்டம் கட்டமாக வருவது ஏன்?
> பழைய டிஸ்கி கோப்பை யூனிகோடுக்கு மாற்ற முடியுமா?

மேலே வந்து உட்காரும் பதில்: ‘முடியும். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.’ எழுத்துரு இரண்டாவது கேள்விக்கா, மூன்றாவதுக்கா? அதைக் கேட்க ஒரு மடல், விளக்க ஒரு மடல். அதற்குள் தமிழ்99 கேள்வியை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

அடியில் எழுதினால் கேள்வி முன்னால், பதில் பின்னால் என்று வரிசையாவது ஒழுங்காக இருக்கும். ஆனால் வெட்டாமல் இதைச் செய்தால் மூன்றிலும் மோசம் இதுதான் என்பேன். கைபேசியில் விரல் தேயத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ‘நன்றி ஐயா’ என்று ஒரு வரி இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுதுகிறவர்கள் மூன்றாவது ரகம். மேலே எழுதாதே, வெட்டி, இடையிடையே பதில் சொல் என்று அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது வெறும் பிடிவாதம் இல்லை. அங்கே பேட்ச், அதாவது நிரலில் செய்த திருத்தம், மடலுக்குள்ளேயே வருகிறது, பதினேழாவது வரியில் பிழை என்றால் அந்த வரிக்குக் கீழே சொன்னால்தான் விளங்கும். 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பும் மூல மடலை மேலே சுருக்கிச் சொல், இல்லையென்றால் சூழல் புரியும் அளவுக்கு மட்டும் எடுத்துப் போடு என்றுதான் கேட்கிறது. கையொப்பம் நான்கு வரிக்குள் இருக்கட்டும் என்பதும் அதில் உண்டு (பதவி, பட்டம், பொன்மொழி எல்லாம் போடுகிற நம்மவர்கள் கவனிக்க).

என் ஓட்டு இந்த மூன்றாவது ரகத்துக்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. வெட்டும்போது ‘இன்னார் எழுதியது’ என்ற வரியும் சேர்ந்து போய்விட்டால் ஒருவர் பேச்சு இன்னொருவர் தலையில் விழும். நான் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, சொல்லாததைச் சொன்னதாகப் பழி சுமந்தவரிடம் மூன்று மடலில் மன்னிப்புக் கேட்டேன். அடுக்கடுக்காக வரும் > குறிகளையும் (ஒவ்வொரு குறியும் ஒரு படி பழைய மடல்) எண்ணிப் பார்த்துத்தான் கைவைக்க வேண்டும். இன்னொன்று, ஒரு கவிதையைப் பற்றியோ வரலாற்றைப் பற்றியோ ஒருவர் நீளமாக எழுதியதை வாக்கியம் வாக்கியமாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னால் அது குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது, அவர் மொத்தத்தில் என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அந்த மாதிரி இடத்தில் அவர் கருத்தை இரண்டு வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டு, நம் பதிலை ஒரே ஓட்டமாக எழுதுவதே மேல்.

எந்த ரகமாக இருந்தாலும் வெட்டத் தெரியாதவரிடம் தொகுப்பு மடல் (குழு மடல்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே மடலாக அனுப்புவது) மாட்டினால் தொலைந்தோம். பத்து மடல் அடங்கிய தொகுப்பை அப்படியே வைத்து, ‘தொகுப்பு, இதழ் 41’ என்ற தலைப்பைக்கூட மாற்றாமல், ‘நானும் ஆமோதிக்கிறேன்’ என்று அனுப்புவார். எதை என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் வரும் இதழ் 42-இன் வயிற்றுக்குள் 41 முழுசாக உட்கார்ந்திருக்கும்.