பிஸ்கட் டின்னில் கிடந்த பங்குப் பத்திரம்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பெண். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம். இந்த முறை டர்பனில் எங்கள் வீடு இருக்கும் சாட்ஸ்வர்த்துக்குப் போனது அம்மாவைப் பார்க்கத்தான். போன இடத்தில் இந்த வேலை வந்து சேர்ந்தது.

பிஸ்கட் டின்னில், காவடிப் படங்களுக்கு அடியில், ஒரு பங்குப் பத்திரம். 1998, 1999இல் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சந்தைக்கு வந்தபோது பாலிசிதாரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பங்கு. அம்மா மடித்து வைத்ததோடு சரி. ஜோகன்னஸ்பர்க் சந்தையோ எப்போதோ மின்னணுவுக்கு மாறிவிட்டது. காகிதமாக வைத்துக்கொண்டு விற்க முடியாது. தரகர் மூலம் கணக்கில் ஏற்ற வேண்டும்.

தரகர் அலுவலகத்தில் இரண்டு முட்டுக்கட்டை. அம்மாவின் குடும்பப் பெயர் பத்திரத்தில் பிள்ளை, அடையாள அட்டையில் பிள்ளே. அப்புறம், முகவரிக்கு மூன்று மாதத்துக்குள் வந்த பில் அம்மா பெயரிலேயே வேண்டும். எங்கள் வீட்டு லைட் பில் இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்தான் வருகிறது. "என்ன செய்ய ஆன்ட்டி, ஃபிக்கா சட்டம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அன்று ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஃபிக்கா, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 2001இல் வந்த சட்டம். 2017 திருத்தத்துக்குப் பிறகு, வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்தாக வேண்டும், ஆனால் எப்படி என்பதை ஆபத்தின் அளவைப் பார்த்து நிறுவனமே விதி எழுதிக்கொள்ளலாம். ஆக, மூன்று மாத பில் அவர்கள் வீட்டு விதி! மறுநாள் போய், "பில் இல்லாதவர்களுக்கு உங்கள் விதியில் என்ன வழி?" என்று மட்டும் கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு மேலாளர் வந்தார். கூட இருக்கும் தம்பியின் பில்லும் ஒரு அஃபிடவிட்டும் போதுமாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அஃபிடவிட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷன், காசு கிடையாது. பிள்ளை, பிள்ளே இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதியிருந்ததை அந்த ஜூலு கான்ஸ்டபிள் வரி வரியாக வாசித்து, அம்மாவைக் கையை உயர்த்தச் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டு, மேஜை அதிர முத்திரை குத்தினார். ஊரிலேயே எனக்குப் பிடித்த சேவை அதுதான்.

இதற்கு நடுவில் கோயிலில் ஒருவர், விற்ற பணத்துக்கு மாதம் பத்து சதவீதம் தருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். 2002 சட்டப்படி, முதலீட்டு ஆலோசனை சொல்பவருக்கு உரிமம் வேண்டும். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.சி.ஏ. ஆணையத்தின் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டேன். அதோடு மனிதர் போன் எடுக்கவில்லை.

நான் கோவை திரும்பிய மூன்றாவது வாரம் பங்கு கணக்கில் ஏறியது. அம்மாவுக்கு ஒரே வருத்தம், அந்தக் காகிதத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம்.