பழைய பொலிரோவா, பழைய டஸ்டரா? நெல்லைச் சீமை ரோட்டுக்கு ஓர் அலசல்

நெல்லைப் பக்கம் ஒரு வண்டி ஒரே நாளில் நாலு விதமான தரையைப் பார்த்துவிடும். களக்காட்டு வாழைத்தோட்டத்துக்குப் போகும் செம்மண் தடம், குண்டும் குழியுமான குளத்துக்கரை, நாங்குநேரியில் ஏறினால் நாலுவழிச்சாலை, வடக்கே கயத்தாறு பக்கம் போனால் மழைக்குக் காலை விடாத கரிசல். இதில் தினமும் ஓட்ட ஒரு பழைய டீசல் வண்டி வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயரில்தான் வந்து நிற்கிறார்கள்: மகிந்திரா பொலிரோ, ரெனால்ட் டஸ்டர். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் களக்காட்டில் ஏத்தன் வாழை போடும் அத்தான். இன்னொருவர் வள்ளியூரில் இருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் சித்தி மகன். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்ஜினைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி என்றால் இரண்டிலுமே இன்ஜின் நம்பிக்கையானது. சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும் பழைய பொலிரோவில் இரண்டு வகை. பழையது 2523 சிசி, 63 குதிரைத்திறன். 2016-இல் வந்த பவர் பிளஸ் 1493 சிசி, மூன்று சிலிண்டர், 70 குதிரைத்திறன். இழுவை இரண்டிலும் அதே 195 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். 2012 ஜூலையில் வந்த டஸ்டர் நம்ம ஒரகடத்தில் செய்த வண்டி. 1461 சிசி டீசல், 85 குதிரைத்திறனில் ஒன்று, 110-இல் ஒன்று. 110 நாலுவழிச்சாலையில் பறக்கும். ஆனால் 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே கொஞ்சம் தூங்கும். சந்தைக் கூட்டத்திலும் தோட்டத்துத் தடத்திலும் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். 85-இல் அந்தத் தொல்லை குறைவு, டர்போவும் எளிமையானது. ஊருக்குள் ஓட்ட நான் 85-ஐத்தான் சொல்வேன். மைலேஜில் டஸ்டர் தெளிவாக முன்னால் நிற்கிறது. நம்ம ரோட்டில் பொலிரோ லிட்டருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கொடுத்தால், டஸ்டர் 85 பதினாறுக்கு மேல் கொடுக்கும்.

உண்மையான வித்தியாசம் வண்டிக்கு அடியில் இருக்கிறது. பொலிரோவுக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸ். உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின் ஆக்சிலுக்கு ஸ்பிரிங்காக இருப்பது இரும்புப் பட்டை அடுக்கு. டஸ்டரில் உடம்பும் சேஸும் ஒரே கூடு, நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். காகிதத்தில் படிக்கும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. வேகத்தடைக்கு வெள்ளைக் கோடுகூடப் போடாத நம்ம ஊர் ரோட்டில் போனால் தெரியும். காலிப் பொலிரோவில் பட்டை வளையாது, அடி நேராக இடுப்புக்கு வரும். பின்னால் பக்கவாட்டில் போட்டிருக்கும் சீட்டில் உட்கார்ந்தவர் பாடு இன்னும் மோசம். அதே வண்டியில் 45 கிலோ யூரியா மூட்டை பத்து ஏற்றுங்கள், பட்டை அமுங்கி வண்டி அடங்கி ஓடும். சுமை ஏற்றினால்தான் அந்த வண்டிக்கு நிதானம் வருகிறது. டஸ்டர் இதற்கு நேர் எதிர். வெறும் வண்டியில், இரண்டு மூன்று ஆள் உட்கார்ந்து, உடைந்த தார் ரோட்டில் அறுபதில் போனாலும் குழியை விழுங்கிக்கொண்டு போகும். இந்த விலைக்கு இவ்வளவு நல்ல சஸ்பென்ஷனை வேறு எந்தப் பழைய வண்டியிலும் நான் பார்த்ததில்லை.

கிரவுண்ட் கிளியரன்ஸ் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டஸ்டருக்கு 205 மில்லிமீட்டர், பொலிரோவுக்கு 180. இதைப் பார்த்து டஸ்டர்தான் கரடுமுரடுக்கு என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. பொலிரோவில் தரைக்கு மிக அருகில் தொங்குவது பின் ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை, அதாவது கிரவுன் குடம். அது சக்கரத்தோடு சேர்ந்து நிற்பது. எவ்வளவு சுமை ஏற்றினாலும் அதன் உயரம் குறையாது. டஸ்டரில் ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் உடம்பு முழுக்க இறங்கும், கூடவே அந்த 205-உம் இறங்கும். அதனால் காலியாகப் போனால் டஸ்டர் உயரம், நிறையச் சுமையோடு போனால் பொலிரோ உயரம். டஸ்டர் வாங்கினால் இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குக் கீழே இரும்பு கார்டு இருக்கிறதா என்று படுத்துப் பார்த்துவிடுங்கள். வண்டித்தடத்தின் நடுவில் மண் மேடு ஏறி நிற்கும் தோட்டங்களில் அதுதான் முதலில் அடி வாங்கும்.

கரிசல் நனைந்துவிட்டால் இரண்டு வண்டியும் தடுமாறும், தடுமாறுகிற விதம் வேறு. பொலிரோவுக்குத் தள்ளுவது பின் சக்கரம். காலி வண்டியில் பின்பக்கம் எடை இல்லாததால் வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நாலு மூட்டை கிடந்தால் பிடிக்கும். டஸ்டருக்கு இழுப்பது முன் சக்கரம், இன்ஜின் எடை அதன் மேலேயே இருப்பதால் தட்டையான சேற்றில் நேராக ஊர்ந்து வெளியே வந்துவிடும். ஆனால் பின்னால் சுமையோடு குளத்துக்கரைச் சரிவில் ஏறும்போது முன் சக்கரம் சும்மா சுற்றும். 2014-இல் டஸ்டரில் நாலு சக்கரமும் இழுக்கும் வகை ஒன்று வந்தது, அருமையான வண்டி. மாஞ்சோலை மலைக்குப் போகும் கனவோடு அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு, வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே ஏற முடியாது. தினசரி ஓட்டத்துக்காக அந்தக் கூடுதல் சாமான்களைச் சுமக்க வேண்டியதில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், வெளியூர் ஒப்பீடுகளில் இது வராது. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, காற்றாலைக்காரர்களுக்கு நல்லது, உயரமான வண்டிக்கு நல்லதில்லை. பெட்டி மாதிரி நிற்கும் பொலிரோவை எண்பதுக்கு மேல் ஓட்டினால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டஸ்டர் அதே காற்றில் நூறில் அமைதியாகப் போகும். தினமும் நாலுவழிச்சாலையில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு இது ஆடம்பர விஷயம் இல்லை, உயிர் விஷயம். அதோடு சேர்த்துப் பாதுகாப்பையும் பாருங்கள். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய பொலிரோ பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கிடையாது. டஸ்டரிலும் கீழ்மட்ட வேரியன்ட்டில் இல்லை. 2017-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத டஸ்டர் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை, ஓட்டுநர் ஏர்பேக் உள்ளது மூன்று வாங்கியது. டஸ்டர் என்று முடிவு செய்தால் ஏர்பேக்கும், பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வேரியன்ட்டாக மட்டும் தேடுங்கள், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

ஒர்க்‌ஷாப் விஷயத்தில் பொலிரோவை யாரும் நெருங்க முடியாது. ஏர்வாடியிலோ திசையன்விளையிலோ நின்றுபோனாலும் அதைக் கழற்றத் தெரிந்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருப்பார். மெயின் பட்டை உடைந்தால் லாரிப் பட்டறையிலேயே வேலை முடியும். டஸ்டரைத் தெரிந்த மெக்கானிக் வேண்டுமென்றால் திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி என்று வர வேண்டும். டஸ்டர் டீசல் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததோடு நின்றுபோனது, ஆனாலும் சாமான் கிடைக்காது என்ற பயம் கொஞ்சம் மிகை. அதே இன்ஜின் குடும்பம்தான் நிசான் டெரானோ, சன்னி, மைக்ரா டீசலிலும் மகிந்திரா வெரிட்டோவிலும் ஓடுகிறது. டெரானோ அடியில் முழுக்க டஸ்டரேதான். பல நேரம் விலையும் குறைவாகக் கிடைக்கும், அதையும் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டஸ்டரில் நான் உண்மையிலேயே பயப்படுவது டைமிங் பெல்ட்டுக்கு. அது ரப்பர் பெல்ட். கிலோமீட்டருக்கு மட்டுமில்லை, வயசுக்கும் மாற்ற வேண்டியது. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். “மாத்தியாச்சு சார்” என்ற வாய்வார்த்தையைக் கணக்கில் எடுக்காதீர்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் ஆகும் காசை விலையில் கழியுங்கள். 110 என்றால் கிளட்ச்சோடு ஃப்ளைவீலும் சேர்ந்து செலவு வைக்கும், பெடல் கனமாக இருந்தால் அதையும் கழிக்கச் சொல்லுங்கள். பொலிரோவில் பார்க்க வேண்டியது சேஸ். பின் பட்டை சேஸில் மாட்டும் இடத்தில் புது வெல்டிங் இருந்தாலோ, அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தாலோ, அளவுக்கு மீறிச் சுமை அடித்த வண்டி. கடலோர ஊர் வண்டி என்றால் கதவின் அடிப்பாகமும் கால்மிதிக்குக் கீழே தகரமும் துருப்பிடித்திருக்கும். உவரி, இடிந்தகரை காற்றிலும் தூத்துக்குடி உப்பளத்துக் காற்றிலும் நின்ற வண்டிக்கு இது சாதாரணம்.

இனி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி சந்திப்பு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வீடும் வண்டியும் முங்கின. அன்று முங்கிய வண்டிகள் கழுவித் துடைத்து இன்றைக்கும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. டி.என். 69 (தூத்துக்குடி), 72 (திருநெல்வேலி) பதிவு என்பதற்காக ஒதுக்க வேண்டாம், அப்படிப் பார்த்தால் நம்ம ஊரில் வண்டியே வாங்க முடியாது. ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். துடைக்கிறவர்கள் கண்ணில் படும் முதல் ஒரு அடியைத்தான் துடைத்திருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியில் செம்பழுப்பு வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது. சீட் தண்டவாளத்து போல்ட், ஸ்டெப்னி வைக்கும் இடம், டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் சாக்கெட்டுகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் அந்த டஸ்டர் வேண்டாம். அதில் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம், இன்று ஒரு விளக்கு எரியும், நாளைக்கு வேறொன்று அணையும். பொலிரோ என்றால் கிரவுன் குடத்து ஆயில் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வியாபாரி கழற்ற மறுத்தால் அதுவே பதில்.

காகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. டில்லியில் பழைய டீசலுக்கு இருக்கும் கெடுபிடி இங்கே இல்லை. பதினைந்து வருஷம் ஆனதும் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். பொலிரோவில் மட்டும் மஞ்சள் போர்டில் இருந்து வெள்ளைக்கு மாற்றியதா என்று பாருங்கள். விலையில் பொலிரோ இறங்கவே மாட்டேன் என்கிறது. அதே காசுக்கு டஸ்டர் இரண்டு மூன்று வருஷம் புதியதாகவே கிடைக்கும்.

அத்தானுக்குப் பொலிரோதான் சொன்னேன், பழைய 2523 சிசி. அவர் வண்டியில் பின்னால் ஏறுவது வாழைக்கன்றும் உரமும் மோட்டாரும். வண்டி நின்றால் தோட்டத்திலேயே வைத்துச் சரிசெய்யும் ஆள் வேண்டும், வேகம் அவருக்குத் தேவையில்லை. சித்தி மகனுக்கு டஸ்டர் 85. தினமும் நாலுவழிச்சாலை, அது போக சித்திக்கு முழங்கால் வலி, மாதாமாதம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பொலிரோவில் ஏறி இறங்குவதே அவர்களுக்குப் பெரிய பாடு. “பொலிரோன்னா ஒரு கெத்து இருக்குல்லா” என்று அவனுக்கு மனசு அந்தப் பக்கம்தான் போனது. சித்தியை இரண்டு வண்டியிலும் உட்காரவைத்து வள்ளியூரில் இருந்து ஏர்வாடி வரை ஒரு சுற்று போகச் சொன்னேன். திரும்பி வந்ததும் அவன் பேச்சே மாறிவிட்டது.

இரண்டு பேரிடமும் டயருக்குத் தனியாகக் காசு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய வண்டி விற்கிறவர்கள் தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டிய, பளபளப்பான ரீட்ரெட் டயரை மாட்டி நிறுத்துவார்கள், பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் செய்த வருஷம். பொலிரோவுக்கு 215/75 ஆர்15, டஸ்டருக்கு 215/65 ஆர்16. பொலிரோ டயரின் பக்கச் சுவர் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் உயரம் என்பதால் சல்லி ரோட்டில் ரிம் அடிபடுவது குறைவு. டஸ்டருக்கு வாங்கும்போது பக்கச் சுவர் கெட்டியான டயராகக் கேட்டு வாங்குங்கள், நாலையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.