மீன் தண்ணீர் என்று நினைத்தேன்: பிக்கப்புக்கு பிரேக் குழாய் மாற்றி 6 வருஷம்

என் பிக்கப் 2004ஆம் வருஷத்து வண்டி. டீசல், மேனுவல் கியர், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 2013இல் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். அன்றிலிருந்து அதற்கு ஒரே வேலைதான்: விடிவதற்குள் பினாங்குத் தீவில் பத்து மாவுங் என்ற ஊரில் மீன் ஏற்றி, பாலிக் புலாவ், ஆயர் ஈத்தாம், ஜார்ஜ் டவுன் என்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஐஸ் உருகும் தண்ணீர் மீன் உப்போடு சேர்ந்து பின்தட்டு இடுக்கில் இறங்கி, நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் சொட்டும். எத்தனை வருஷம் சொட்டியது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் 2018 கடைசியில் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தபோது கண்டுகொள்ளவில்லை. மீன் வண்டிக்குக் கீழே ஈரம் இல்லாவிட்டால்தான் அதிசயம். பிரேக் எண்ணெய் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தது, ஊற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கியது, மறுபடி ஊற்றினேன். பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், ஆனால் அது மாதக்கணக்கில் நடப்பது. இது தெரிந்தும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பாலிக் புலாவில் மீனை இறக்கிவிட்டு துன் சார்டோன் சாலை வழியாகத் திரும்பினேன். அது மலைச் சாலை, வளைவுக்கு மேல் வளைவு. பாயா தெருபோங் பக்கம் இறங்கும்போது ஒரு வளைவில் பெடல் பாதிக்கு மேல் கீழே போய்விட்டது. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பிக்கப்பில் முன் சக்கரங்களுக்கு ஒரு சுற்று, பின் சக்கரங்களுக்கு இன்னொரு சுற்று என்று பிரேக் எண்ணெய் தனித்தனியாக ஓடும். பின்னது போனாலும் முன்னது பிடிக்கும். அன்றைக்குப் பிழைத்தது அதனால்தான். மிச்ச இறக்கத்தை இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து வந்தேன். அது தப்பு, அங்கேயே நிறுத்தி இழுவை லாரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

வீட்டில் அடியில் பழைய பேப்பரை விரித்துப் பார்த்தேன். மீன் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. இன்னொரு திட்டு காயவே இல்லை. விரலில் தொட்டால் வழவழவென்று இருந்தது. நேர் மேலே சேசிஸில் பெயிண்ட் தோல் உரிவதுபோல் எழும்பியிருந்தது. பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

முதலில் போன பட்டறையில் துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்து, இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஜாயிண்டைப் போட்டுக் கொடுத்தார்கள். 80 வெள்ளி (ரிங்கிட்), ஒரு மணி நேர வேலை. எனக்கும் சந்தோஷம். சரியாக 7 மாதம். அடுத்த கசிவு, ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

இரண்டாவதாக ஜெலுத்தோங்கில் ஒரு வயதான போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம் போனேன். கையில் டார்ச் லைட்டோடு அடியில் படுத்தவர், குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிக் காட்டினார். வெளியே கறுப்பாக நன்றாக இருந்த குழாய், கிளிப்புக்குள் பட்டாணித் தோல்போல் செதில் செதிலாக உதிர்ந்தது. ஈரமும் சேறும் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை.

"எத்தனை கிளிப் இருக்கு, தம்பி?"

"எண்ணல, அங்கிள்."

"எண்ணிக்கோ. அத்தன இடத்துலயும் இப்படித்தான் இருக்கும். மொத்தமா மாத்து, இல்லேன்னா வண்டிய வேற யாருகிட்டயாவது கொண்டு போ."

பிரேக்கை ஓங்கி மிதித்தால் குழாய்க்குள் அழுத்தம் 70 பாரையும் (பார் என்பது அழுத்த அளவு) தாண்டும். டயர் காற்று வெறும் 2 பார் சொச்சம். இதை அவர் சொன்ன பிறகு, பழைய ஜாயிண்டைத் திரும்பிப் பார்க்கவே கூசியது.

பின் பக்கம் முழுவதும் செம்பு-நிக்கல் குழாய் போடலாம் என்றார். 4.75 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 25 அடிச் சுருள். வெறும் செம்பு கூடாது, அது அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். 10 சதவீத அளவு நிக்கல் சேர்ந்த இந்தக் கலவை உப்புத் தண்ணீரைத் தாங்கும். வோல்வோ 1976இலேயே தன் கார்களில் இதைப் போடத் தொடங்கிவிட்டது. எஃகுக் குழாயைவிட மிருது, ஸ்பிரே டின்னைச் சுற்றிக் கையாலேயே வளைத்தார்.

முனை மடிக்கும் வேலையைத்தான் நான் உட்கார்ந்து பார்த்தேன். குழாயை நேராக வெட்டி, உள்விளிம்பைச் சுரண்டி, கட்டையில் இறுக்கி, முதலில் குமிழ்போல் ஒரு அமுக்கு, பிறகு கூம்பால் இன்னொரு அமுக்கு. விளிம்பு இரட்டையாக மடிந்து புனல்போல் ஆகிறது. மடித்த முகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார், கீறல் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி. ஒரு முனையை அருமையாக மடித்து முடித்த பிறகுதான், நட்டைக் கோக்க மறந்தது தெரிந்தது. அப்போது அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

குழாய்க்குள் மாட்டிய காற்றை எடுக்கப் பெடலை மிதிப்பது என் பையனின் வேலை. "மிதி... பிடி... விடு." பெடல் மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால், மிகத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். பின் ஆக்சிலுக்கு மேலே பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதிலும் காற்று எடுக்கும் திருகாணி இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுவார்கள். மினரல் தண்ணீர் பாட்டிலில் இறங்கிய பழைய எண்ணெய் கோப்பி-ஓ (பாலில்லாக் காப்பி) நிறத்தில் இருந்தது. டாட் 3 என்ற தர வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதே அதன் தரக் கணக்கு. மலை இறங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

கூலி, குழாய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 420 வெள்ளி ஆனது. அது 2019 ஆகஸ்ட்.

இந்த 6 வருஷத்தில் குழாய் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பளபளப்பு போய்ப் பழைய காசு நிறத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கத்துப் பந்தலுக்கு முழுப் பாரம் ஏற்றினாலும் பெடல் அதே உயரத்தில் நிற்கிறது. குறையும் உண்டு. குழாய் துருப்பிடிக்காது, ஆனால் நட்டு எஃகுதானே? 2022இல் ஒரு நட்டு இறுகிப்போய், குழாய்க்கென்றே உள்ள ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடியவில்லை. மிருது என்பதும் ஒரு தொல்லை: டயர் மாற்றும்போது ஜாக்கை ஓரமாக வைத்ததில் ஒரு இடம் நசுங்கி, அந்தத் துண்டை மாற்ற வேண்டியதாயிற்று. சக்கரத்தருகே வளைந்து கொடுக்கும் ரப்பர் ஹோஸ்கள் தனிக் கதை, 2023இல் வெடிப்பு கண்டு மூன்றையும் மாற்றினேன்.

இப்போது பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலாகப் பிளந்த ரப்பர் ஹோஸ் துண்டுகள். சனிக்கிழமை மீன் இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் அடிக்கிறேன். எண்ணெய் 2 வருஷத்துக்கு ஒரு முறை புதிது. முன் பக்கம் மட்டும் இன்னும் கம்பெனி எஃகுக் குழாய்தான். சுருளில் மிச்சமான ஒரு மீட்டர் சொச்சம் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஸ்டோரில் தொங்குகிறது. அளந்து பார்த்துவிட்டேன், இடது முன் சக்கரத்துக்குப் போதும்.